வினாகிரி வித்தும் பத்மாசனி மிஸ்ஸும்

கலாநிதி பத்மாசனி தம்பிராசா கடந்த புதன்கிழமை காலை வெள்ளவத்தையில் தமது வீட்டில் காலமானார். இதயம் சில காலமாகவே பலவீனமாக இருந்தது. காலைத் தேநீரைக் குடித்துவிட்டுப் பத்திரிகையை எடுத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னார்.

அந்த நேரம் நான் பேலியகொடையில் எங்கள் வினாகிரித் தொழிற்சாலை வாசலில் நின்றேன். பவுசர் ஒன்று, தொட்டி வைத்த லொறி, தேங்காய்த் தண்ணீரோடு வந்திருந்தது. குழாய் பூட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். செய்தி கேட்டவுடன் போட்டது போட்டபடி ஓடினேன் என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் ஓடவில்லை. கடைசிச் சொட்டு இறங்கும்வரை நின்றேன். தேங்காய்த் தண்ணீர் யாருக்கும் காத்திருக்காது, வெயில் ஏறினால் பவுசருக்குள்ளேயே புளித்துக் கெட்டுவிடும். அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் நின்றிருந்தால், அந்த அம்மையார் கண் மூடிக் கிடந்தபடியே என்னைக் கேட்டிருப்பார், தண்ணியை இறக்கினீங்களோ என்று.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிஸ் ஒரு நொதித்தல் விஞ்ஞானி. பேக்கரியில் பாண் மாவு பொங்குவதும் கள்ளு புளிப்பதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வேலை. அந்த உயிர்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, தொழிற்சாலைக்குப் பழக்கி எடுப்பது இவருடைய தொழில். அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் நெடுங்காலம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் என்னைப் போன்ற வியாபாரிகளின் கையில் அகப்பட்டார். அகப்பட்டது யார் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

அவர் போகும்போது எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு பேரம் முடியாமல் கிடந்தது. என் தொழிற்சாலையில் இருக்கும் வித்தை, அதாவது வினாகிரியைப் புளிக்கவைக்கும் அந்த உயிரை, கேட்கிற ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் பக்கம். முடியாது என்பது என் பக்கம். இந்தக் கட்டுரையில் அந்தப் பேரத்தைத்தான் பெரும்பாலும் எழுதப் போகிறேன். அவர் யாரென்று காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி, கொட்டாஞ்சேனையில் சொந்தமாக ஒரு கடை போட்டவன் நான். வெளிநாட்டிலிருந்து வரும் அசற்றிக்கமிலத்தை வாங்கித் தண்ணீர் கலந்து போத்தலில் அடைத்து, ‘செயற்கை வினாகிரி’ என்று சட்டப்படி லேபல் ஒட்டி விற்றேன். களவு ஒன்றும் இல்லை. நல்ல வியாபாரம்.

ஒரு நாள் வெயில் நேரம் குடையை மடக்கிக்கொண்டு ஒரு மெலிந்த அம்மையார் கடைக்கு வந்தார். வினாகிரி ஒரு போத்தல் கேட்டார். வாங்கியவர் அங்கேயே திறந்து, குடிக்க வைத்திருந்த கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, முகர்ந்து பார்த்து, நாக்கில் ஒரு துளி விட்டார். நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன்.

“இது ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாது. ஆனா இதுக்குள்ள ஒருத்தரும் சீவிக்கேல்ல” என்றார்.

இப்படி ஒரு குறையை எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை. யாருங்க சீவிக்கணும் என்று கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சிலாபம் பக்கத்தில் தேங்காயைத் துருவி உலர்த்தி ஏற்றுமதி செய்கிற ஆலைகள், நாங்கள் டீசி மில் என்போம், தேங்காய் உடைக்கும்போது வருகிற தண்ணீரை அப்படியே வெளியே விடுகின்றன என்றார். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சீனி சேர்த்து, ஈஸ்ட் போட்டால் சாராயச் சத்து வரும், பிறகு அதைப் பற்றீரியாவிடம் கொடுத்துக் காற்றும் கொடுத்தால் அசல் வினாகிரி வரும் என்றார். இப்போது வெளிநாட்டில் அதற்குத்தான் கேள்வி என்றும் சொன்னார். என் காதில் விழுந்தது ஒரு சொல்தான். வெளியே விடுகிறார்கள் என்றால் சும்மா கிடைக்கும்.

நான் கணக்குப் போடுவது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“சும்மா எடுக்காதேங்கோ. சும்மா எடுத்தா அவை நேரம் கிடைக்கேக்க தருவினம், தண்ணி பழுதாப் போகும். காசு குடுத்தா உடைச்ச உடன தருவினம்.”

ஆய்வுகூடத்தில் இருந்த ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வியாபாரப் பேச்சு வரும் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இவரை விடக்கூடாது.

இருவரும் மாதம்பைப் பக்கம் ஒரு மில்லுக்குப் போனோம். உரிமையாளர் நிஹால் முதலாளி. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, சிங்களத்தில்தான் பேசுவார், என்னைக் கண்ட நாளிலிருந்து ‘மல்லி’, தம்பி, என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரும் நிழலில் இருந்து தண்ணீர் விலை பேசிக்கொண்டிருந்தோம். மிஸ்ஸைக் காணவில்லை. தேடிப் போனால் மில்லுக்குப் பின்னால் ஓடைக் கரையில் நின்றார். மில்லிலிருந்து வந்த தண்ணீர் விழுந்து ஓடை வெள்ளை நுரை கட்டிக் கிடந்தது, புளித்த நாற்றம், மேலே செத்த மீன் குஞ்சுகள். நிஹால் முதலாளி கொஞ்சம் வெட்கப்பட்டு, இது தேங்காய்த் தண்ணீர்தானே, விஷம் இல்லையே என்றார். மிஸ் கோபப்படவில்லை. நல்ல சிங்களத்தில் விளக்கினார். தண்ணீரில் உள்ள சீனியைத் தின்ன வருகிற உயிர்கள் ஓடையில் உள்ள காற்றையெல்லாம் உறிஞ்சிவிடும், மீனுக்கு மூச்சு இல்லாமல் போகும், விஷம் வைக்கத் தேவையில்லை என்றார். வரும் வழியெல்லாம் நான் லாபம் பற்றிப் பேசினேன், அவர் ஓடையைப் பற்றிப் பேசினார். ஒருவர் பேச்சை மற்றவர் தடுக்கவில்லை.

பேலியகொடையில் ஒரு பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்தோம். பக்கத்தில் மீன் சந்தை. இந்த மணத்துக்குள் எங்கள் மணம் யாருக்கும் தெரியாது என்பது என் கணிப்பு. அது பிழையாய்ப் போனது. ஈஸ்ட் வேலை செய்யத் தொடங்கியதும் கொட்டகை முழுக்கக் கள்ளு மணம். யாரோ ஒரு புண்ணியவான், உள்ளே கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று தகவல் கொடுத்துவிட்டார். மதுவரி அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். எங்களிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. அதை எடுக்க நான் அலுமாரிக்கு ஓடினேன். மிஸ் ஓடவில்லை. பெரிய அதிகாரியை உபசாரமாக அழைத்து, முற்றிய வினாகிரித் தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து நீட்டினார். அந்த மனிதர் கடமையே கண்ணாக ஒரு மிடறு விழுங்கிவிட்டார். முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியாது. நான் பத்திரத்தோடு திரும்பி வருவதற்குள் அவரே போதும் என்று கை காட்டிவிட்டார். போகும்போது அச்சாறு போட என்று இரண்டு போத்தல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வினாகிரிக்கு மிஸ் கட்டித் தந்தது ஒரு கோபுரம். உயரமான மரப் பீப்பாய், அதற்குள் தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகள். மேலிருந்து புளிக்காத நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சிரட்டையில் படிந்திருக்கும் பற்றீரியா அதைத் தின்று வினாகிரியாக்கிக் கீழே விடும். அடியில் ஓட்டைகள், காற்று தானாக ஏறும். அந்தப் பற்றீரியாதான் வித்து. அதை அவர் களுத்துறைப் பக்கம் ஒரு சீவல்காரரின் கள்ளு முட்டியிலிருந்து எடுத்து, ஆய்வுகூடத்தில் பிரித்து, நம் ஊர் வெக்கைக்கு மசியாததாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். வெளிநாட்டு வித்துகள் நம் வெயிலில் சுருண்டுவிடும், இது சுருளாது. எங்கள் வினாகிரியின் மணமும் அதிலிருந்துதான். நான் வியாபாரி. என்னிடம் மட்டும் இருக்கிற சாமான் எது என்று எனக்குத் தெரியும். பீப்பாய் யாரும் செய்யலாம், தேங்காய்த் தண்ணீர் யாரும் வாங்கலாம். வித்து என்னிடம் மட்டும்தான்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கொம்பனித்தெருவிலிருந்து ஜாபிர் நானா கடைக்கு வந்தார். மலாய் அச்சாறு போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர், என்னைவிட மூத்தவர், தனக்குத் தேவையான வினாகிரியைத் தானே சாடியில் போடுவார். கையில் ஒரு பெரிய போத்தல் அச்சாறு. மிஸ் தந்த வித்துக்கு நன்றி சொல்ல வந்தாராம். அவருடைய சாடிகள் எல்லாம் வழவழவென்று கெட்டுப்போய்த் தொழிலே நிற்கிற நிலையில் இருந்ததாம், மிஸ் ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்து எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டாராம். அச்சாறு மிக நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் மிஸ் வந்ததும் கேட்டுவிட்டேன்.

“என்னங்க மிஸ், நம்ம சாமானைத் தூக்கி வெளியில குடுத்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?”

“களுத்துறையில அந்தச் சீவல்காரர் எனக்கு முட்டியக் காட்டேக்க பில் போடேல்ல, ராமையா.”

அது அவருடைய ஆய்வு, இது என்னுடைய முதலீடு, இரண்டையும் குழப்பக் கூடாது என்று நான் வாதாடினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் வியாபாரியோடு எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

“உங்கட சாமான் முழுக்க ஒரே ஸ்டோரிலயோ வைப்பீங்கள்? நெருப்புப் பிடிச்சா?”

“ரெண்டு ஸ்டோர்ல வைப்பேன். ரெண்டுக்கும் சாவி என்கிட்டதான் இருக்கும்.”

இதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் ஓர் இடைக்கால ஒப்பந்தத்துக்கு வந்தோம். இனிமேல் யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். “சொல்லுவன். கேக்கமாட்டன்” என்றார். அன்றைக்கு அந்தப் பேரம் அவ்வளவில் நின்றது.

பிறகு வெளிநாட்டிலிருந்து பெரிய ஓடர் வந்தது. கோபுரத்தின் வேகம் போதவில்லை. மிஸ்ஸே முன்னின்று வேகத் தொட்டி ஒன்றை வரவழைத்தார். அதில் சிரட்டை இல்லை, வித்து நீரிலேயே மிதக்கும், அடியிலிருந்து மோட்டர் ஓயாமல் காற்றை ஊதும். கோபுரம் வாரக்கணக்கில் செய்வதைத் தொட்டி ஒன்றிரண்டு நாளில் செய்யும். ஒரே ஒரு பலவீனம். காற்று நின்றால், நீருக்குள் இருக்கும் வித்து மூச்சு முட்டிச் செத்துவிடும். “இவைக்குச் சாப்பாடு பிந்தலாம், மூச்சு பிந்தக்கூடாது” என்று வேலையாட்களுக்கு மந்திரம் போலச் சொல்லிக்கொடுத்தார். அதற்காக ஜெனரேட்டரும் பூட்டினோம். கொட்டகையில் இடம் போதாமல் கோபுரத்தைக் கழற்ற வேண்டி வந்தபோது நான்தான் தயங்கினேன், அவர் தயங்கவில்லை. வித்தின் இன்னொரு பங்கைத் தம் வீட்டில் சிறிய ஃப்ரீசர் ஒன்றில் உறையவைத்திருந்தார். தொட்டியில் ஒன்று, ஃப்ரீசரில் ஒன்று, இரண்டு ஸ்டோர் போதும் என்றார். படித்தவர் சொல்கிறார், எனக்கும் சரியாகத்தான் பட்டது.

நாடு இருட்டில் கிடந்த வருடம் வந்தது. நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு, டீசலுக்கு வரிசை. டீசல் எப்படியோ தேடிப் பிடித்தேன், அதில் நான் கெட்டிக்காரன். ஆனால் ஒவ்வொரு தடவையும் மின்சாரம் போவதற்கும் ஜெனரேட்டர் எழும்புவதற்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி. முன்பு எப்போதாவது வந்த இடைவெளி இப்போது ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொன்றும் வித்துக்கு ஓர் அடி. ஒரு காலையில் தொட்டியில் புளிப்பு ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. மிஸ் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு எழுந்தார். பஸ் கிடைக்காமல் ஓட்டோ ஒன்றை மறித்து நானும் அவரோடு வெள்ளவத்தைக்குப் போனேன். ஃப்ரீசரைத் திறந்தோம். உறைந்திருந்த குப்பிகளெல்லாம் உருகித் திரும்ப உறைந்து மறுபடி உருகி, தண்ணீராக நின்றன. அவர் சில நாள் ஒன்றொன்றாக வளர்த்துப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை என்று சொல்லி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

ஓடர் கையில், அதை நம்பி வாங்கிய சாமான் கையில், வித்து இல்லை. எத்தனை குடும்பம் அந்தக் கொட்டகையை நம்பி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் சத்தம் போடுவேன் என்று அவருடைய தங்கை கதவோரம் பயந்து நின்றார். மிஸ் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்:

“உங்களுக்கு ஸ்டோர் கதை சொன்னது நான். பிறகு ரெண்டையும் ஒரே வயரில மாட்டி வச்சதும் நான்தான். இது முழுக்க என்ர பிழை, ராமையா.”

பெரிய படிப்புப் படித்தவர்கள் பிழையை வானிலை மேல் போடுவார்கள், அரசாங்கத்தின் மேல் போடுவார்கள். அந்த வருடம் அரசாங்கத்தின் மேல் போட யாருக்கும் உரிமை இருந்தது. இவர் தம் மேல் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு அழவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த வாக்கியமாக, ஜாபிரின்ட சாடிக்கு வயர் இல்லை என்றார்.

பெற்றோல் இல்லை. மறுநாள் அவர் வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் வந்தார், நான் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போனேன். கொம்பனித்தெரு ஸ்டேஷனில் சந்தித்தோம். ஜாபிர் நானா குடியிருந்த பழைய வரிசை வீடுகளை இடித்து, அவர்களை மாடிக் குடியிருப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மேல் மாடி. மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை. சாடிகளை அவர் கொண்டுபோனாரா, இடிபாட்டோடு விட்டாரா என்பது எங்களுக்குத் தெரியாது. நான் மட்டும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். உங்களுக்குச் செத்தது எது உயிரோட இருக்கிறது எது எண்டு தெரியாது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினார். அப்போதே அந்த இதயம் சரியில்லை. எங்களுக்குத் தெரியாது.

ஜாபிர் நானா எங்களைக் கண்டதும் பதறிவிட்டார். “மிஸ்ஸுக்கு என்னத்துக்கு இந்தக் கஷ்டம், ஒரு கோல் எடுத்துச் செல்லியிருந்தா நான் எறங்கி வந்தீப்பேனே” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். மிஸ் உட்காரவில்லை, பல்கனிக்குப் போனார். ஐந்தாறு பீங்கான் சாடிகள், வாயில் துணி கட்டி, வரிசையாக இருந்தன. ஒரு துணியை அவிழ்த்துக் குனிந்து பார்த்தார். நீரின் மேல் மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. முகர்ந்தார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு முகரச் சொன்னார். எங்கள் தொழிற்சாலையின் மணம்.

எனக்கு அந்த நிமிடமும் வியாபார வாய்தான். நானா, என்ன விலை என்று கேட்டேன்.

ஜாபிர் நானா மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார். “மிஸ், இவரு வெல கேக்குறாரு.”

“அவருக்கு விலை சொல்லாட்டி நித்திரை வராது. ஏதாவது ஒண்டு சொல்லிவிடுங்கோ.”

“அப்ப, பவுசர் வரக்குள்ள எனக்கும் ஒரு கேன் தண்ணி. நான் தேங்காத் தண்ணிக்கு அலஞ்சிக்கிட்டு ஈக்கேன்.”

அது இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தச் சாடியிலிருந்து வித்தை எடுத்து, குறைந்த புளிப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, மிஸ் தொழிற்சாலையை மறுபடி நிமிர்த்தினார். ஓடர் பிந்தியது, ஆனால் போனது. கொட்டகைக்குப் பக்கத்து நிலத்தையும் எடுத்துக் கோபுரத்தைத் திரும்பக் கட்டினோம். இப்போது வேகத் தொட்டி சம்பாதிக்கிறது, கோபுரம் காவல் இருக்கிறது. கோபுரத்தின் பம்ப் அரை நாள் நின்றாலும் ஈரச் சிரட்டையில் காற்று இருக்கும், வித்து சாகாது. புதிதாக வருகிற பொறியியல் பட்டதாரிகள் இந்தப் பழைய பீப்பாய் எதற்கு என்று கேட்பார்கள். மிஸ் அவர்களிடம் தம் ஃப்ரீசர் கதையை ஒளிக்காமல் சொல்வார்.

இவ்வளவு நடந்த பிறகு நான் முழுக்க மனம் மாறிவிட்டேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். இல்லை. வித்து இரண்டு கையில் இருப்பது நல்லது என்று ஒத்துக்கொண்டேன். நான் ஒன்று, ஜாபிர் நானா ஒன்று. அச்சாறுக்காரர் எனக்குப் போட்டி இல்லை. அதற்கு மேல் கதவைத் திறக்க நான் தயாராக இல்லை. அதில் இன்றும் எனக்கு வெட்கம் கிடையாது. கதவு திறந்து கிடந்தால் அது கடை இல்லை, சந்தி.

அப்போதுதான் நிஹால் முதலாளி கேட்டார். தம் மில்லிலேயே வினாகிரி போட விரும்புகிறார், வித்து வேண்டும். என்னிடம் அல்ல, மிஸ்ஸிடம் கேட்டார். மிஸ் ஒப்பந்தப்படி எனக்குச் சொன்னார்.

அது போன மாதம். அவர் படுக்கையை விட்டு அதிகம் எழும்பாத காலம். வெள்ளவத்தை வீட்டில் கடல் பக்கத்து ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நான் நேராகவே சொன்னேன்.

“மிஸ், அந்தாளு தண்ணிய வச்சுத்தான் நான் பொழைக்கிறேன். அவரே வினாகிரி போட்டா எனக்குத் தண்ணி யாரு குடுப்பா?”

“மழைக்காலத்தில நீங்கள் பவுசர் அனுப்பாத நாளில அந்தத் தண்ணி எங்க போகுது?”

எங்கள் தொட்டி நிறைந்த நாட்களில் நான் பவுசர் அனுப்புவதில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரியும்.

“நீங்கள் நினைக்கிறீங்கள் என்ர வேலை வினாகிரி எண்டு. என்ர வேலை அந்த ஓடை. வினாகிரி அதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். உங்கட தொட்டி எவ்வளவு பெருத்தாலும் அந்தத் தண்ணி முழுக்கக் குடிக்காது, ராமையா. அங்கயும் ஒண்டு வேணும்.”

ஒரு ரயில் போனது.

“யோசிக்கிறேன் மிஸ்” என்றேன்.

“யோசியுங்கோ. ஆனா கன நாள் எடுக்காதேங்கோ. நான் காத்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை இப்ப.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவரிடமே புது வித்து ஒரு குப்பி இருந்தது, தங்கையிடம் கொடுத்து அனுப்பியிருந்தால் நான் தடுக்கவா முடியும்? ஆனால் அப்படிச் செய்யவில்லை. இந்தத் தடவை நான் ஒத்துக்கொண்டு என் கையால் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார். சொல்லுவன், கேக்கமாட்டன் என்றவர் கடைசியாக ஒரு தடவை கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை வந்துவிட்டது.

பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் கடைசி மரியாதைக்கு அவரை வைத்திருந்தார்கள். விஞ்ஞானிகள், பழைய மாணவர்கள், எங்கள் தொழிற்சாலை ஆட்கள், அயல்வீட்டுக்காரர்கள் என்று கூட்டம் குறையவில்லை. ஆய்வுகூடத்தில் அவரோடு இருந்த ஒருவர், பத்மா எந்த விருதுக்கும் விண்ணப்பம் போட்டதில்லை, நேரம் இல்லை என்பார் என்றார். ஜாபிர் நானா ஒரு மூலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெண்ணிறச் சேலையில் மிஸ் இன்னும் மெலிந்து தெரிந்தார். வித்து செத்த அந்த நாளுக்குப் பிறகு, கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை.

பிற்பகலில் நிஹால் முதலாளி வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, மாதம்பையிலிருந்து தாமே ஓட்டி வந்திருந்தார். பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு நெடுநேரம் நின்றார். வித்தைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஓடையில் இப்போது கொக்கு வருகிறது, மழைக்காலம் போக மற்ற நாட்களில் தண்ணீர் தெளிவு, அந்த நோனாவிடம் சொல்ல நினைத்திருந்தேன் மல்லி, பிந்திவிட்டது என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

நான் அவரைக் கையில் பிடித்து வெளியே வாகனம் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். சாவு வீட்டில் வியாபாரம் பேசுவது அழகில்லை என்பார்கள். உள்ளே படுத்திருந்தவருக்கு அந்தக் கூச்சம் கிடையாது, எனக்கும் கிடையாது. எல்லாவற்றையும் அங்கேயே, சிங்களத்தில், நின்றபடி பேசி முடித்தோம். அவர் ஓரிடத்தில் இழுத்தார், நான் ஓரிடத்தில் இழுத்தேன், இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தோம். பிறகு கனத்தை மயானத்துக்குப் போனோம். நெருப்பு எழுந்து புகை நேராக மேலே போனது, காற்று நன்றாக இருந்தது.

மிஸ், போய் வாருங்கள். ஒருவருடைய மூளை எத்தனை அடுப்பை எரிய வைக்கலாம் என்பதைப் பேலியகொடைக்கு வந்து பார்த்தால் தெரியும், அதை நான் மேடை போட்டுச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கேட்டுவிட்டுப் போனதற்கு மட்டும் இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

நிஹால் முதலாளி மில்லில் முதலில் கோபுரம்தான் கட்டுவார், வேகத் தொட்டி பிறகு. காலையில் உடைக்கிற தேங்காயின் தண்ணீர் எனக்கு, பிற்பகல் தண்ணீர் அவருக்கு. அவருடைய தொட்டி நிறைந்தால் எனக்குச் சொல்வார், நான் பவுசர் அனுப்புவேன், எனக்குத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓடைக்குப் போவதில்லை. எங்கள் இருவரில் ஒருவர் வித்து செத்தால் மற்றவர் அன்றைக்கே கொடுக்க வேண்டும், மூன்றாவது ஆள் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு மற்றவருக்குச் சொன்னால் போதும். தண்ணீருக்குச் சித்திரைப் புத்தாண்டு வரை பழைய விலை, அதன் பிறகு பேசிக்கொள்வோம். வித்துக்கு விலை இல்லை.